எழுபத்தெட்டு நாள் கணக்கு

உழைப்பும் உரிமையும் – 14

வேலை போனவருக்குப் பணம் தரும் காப்பீடு எந்த நாட்டில் இருந்தாலும் அது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேலை போவதற்கு முன் எத்தனை நாள் வேலை பார்த்தார்? இந்தியாவில் தனியார் ஆலைகளிலும் நிறுவனங்களிலும் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கு இந்தக் கேள்வியைக் கேட்பது இ.எஸ்.ஐ. கழகம். ஈராண்டுக் காப்பீட்டுப் பணி, ஆறு மாதத்துக்கு 78 நாள் சந்தா என்பது அது எதிர்பார்க்கும் பதிலின் சுருக்கம். சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், பாடியின் வாகன உதிரிபாக ஆலைகளிலும், ஆவடி, திருமழிசை, பூந்தமல்லிப் பகுதிப் பட்டறைகளிலும் வேலை செய்யும் பெரும்பாலானோரின் சம்பளச் சீட்டில் 'இ.எஸ்.ஐ. பிடித்தம்' என்றொரு வரி இருக்கிறது. மருத்துவத்துக்குப் பிடிக்கிறார்கள் என்றே பலரும் அதை அறிவார்கள். வேலையிழப்பு உதவிக்கான தகுதிக் கணக்கும் அதே வரியில்தான் எழுதப்படுகிறது.

நிபந்தனை எதற்கு?

காப்பீட்டு நிதி சந்தாவால் நிரம்புவது. சந்தா கட்டாதவருக்கும், நேற்றுச் சேர்ந்து இன்று விலகியவருக்கும் பணம் தந்தால் நிதி நிற்காது என்பதே பணிக்கால நிபந்தனையின் முதற்காரணம். வேலைச் சந்தையில் நிலையாக இருப்பவர் யார், வந்துபோகிறவர் யார் என்று பிரித்தறிய வேறு அளவுகோல் இல்லை என்பது இரண்டாவது காரணம்.

உலகின் முதல் கட்டாய வேலையின்மைக் காப்பீட்டை நாடு தழுவிக் கொண்டுவந்த பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டமே இந்த நிபந்தனையோடுதான் பிறந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு, வாகன உற்பத்தி போன்ற சில தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. முந்தைய ஐந்தாண்டில் குறைந்தது 26 வாரம் அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும். கட்டிய ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்பது விகிதம். வாரத்துக்கு 7 ஷில்லிங். ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம். வேலைக் காலம் தகுதியை மட்டுமல்ல, உதவியின் அளவையும் நிர்ணயிக்கும் என்ற இருமுனை ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் ஒப்பந்தம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. முறைகேட்டைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் தகுதிக்காலம் கேட்கலாம் என்பது அதன் சாரம். உதவி ஆண்டுக்குக் குறைந்தது 13 வாரமாவது கிடைக்க வேண்டும். காத்திருப்பு ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் இந்திய விதிகளை எடைபோட அது பயனுள்ள அளவுகோல்.

விட்டுப்போன இனம்

இந்தியத் தொழிலாளர் காப்பீட்டின் வரைபடத்தைத் தயாரித்தவர் பேராசிரியர் பி.பி. அடார்க்கர். 1944 ஆகஸ்டில் அவர் அளித்த அறிக்கை மூன்று ஆபத்துகளை எடுத்துக்கொண்டது: நோய், மகப்பேறு, பணிக்காயம். வேலையிழப்பு அதில் இல்லை. 1948இல் நிறைவேறிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டமும் அவ்வழியே சென்றது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் தமிழகத்துக்கு வந்தது.

வேலையிழப்புக்கு நாடு அப்போது தேர்ந்துகொண்ட வழி வேறு. அந்தச் சுமையைக் காப்பீட்டு நிதியில் வைக்காமல் முதலாளியின் தலையில் வைத்தது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் செய்யப்பட்ட திருத்தம் லே-ஆஃப், ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கு இழப்பீட்டைக் கட்டாயமாக்கியது. முதலாளியிடம் பணம் இருக்கும்வரை இந்த ஏற்பாடு பலித்தது. ஆலையே நொடித்துப்போனால் இழப்பீடும் நொடித்துப்போகும். டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப்பும் 1960களில் எழுந்த சிட்கோ தொழிற்பேட்டையும் சேர்ந்து உருவாக்கிய அம்பத்தூர் அதைக் கண்ணெதிரே கண்ட ஊர். டன்லப் டயர் ஆலை பலமுறை நின்று, திறந்து, மீண்டும் நின்று, கடைசியில் மூடியே போனது.

காப்பீட்டு நிதியிலிருந்து வேலையிழப்பு உதவி என்பது 2005 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்பது அதன் பெயர். 2018 ஜூலை 1 முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற இரண்டாவது திட்டம் சேர்ந்தது. இரண்டுக்கும் தனிச் சந்தா கிடையாது. 2019 ஜூலை முதல் நடப்பில் உள்ள இ.எஸ்.ஐ. சந்தா விகிதம், தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. 15,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 113 ரூபாய் பிடிப்பார்கள்; முதலாளி 488 ரூபாய் சேர்த்துக் கட்டுவார். மருத்துவம், நோய்க்கால உதவி, மகப்பேறு, பணிக்காயம், வேலையிழப்பு எல்லாமே இந்த 601 ரூபாய்க்குள் அடக்கம்.

ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு

இ.எஸ்.ஐ. கழகம் ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. தகுதி பார்ப்பது இந்தக் காலங்களை அலகாகக் கொண்டுதான்; தொழிலாளி சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை.

ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்றால் 156 நாள். அதில் சரிபாதிதான் 78. நோய்க்கால உதவிக்கும் இதே 78 நாள்தான் நிபந்தனை. மகப்பேற்று உதவிக்கு முந்தைய இரு சந்தாக் காலங்களில் சேர்த்து 70 நாள் போதும். பணிக்காயத்துக்கு நாள் கணக்கே கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே பிரஸ் மெஷினில் விரல் போனாலும் உதவி உண்டு. ஆபத்து தொழிலாளியின் கையில் இல்லாத அளவுக்கு நிபந்தனை இளகுகிறது என்பது இந்த வரிசையில் தெரிகிற நெறி. வேலையிழப்பும் பெரும்பாலும் தொழிலாளியின் கையில் இல்லாததுதான். ஆனால் எல்லாவற்றிலும் இறுக்கமான நிபந்தனை அதற்கே விதிக்கப்பட்டிருக்கிறது.

எது 'நாள்' என்பதும் முக்கியம். ஷிஃப்ட்டுக்கு வந்த நாள் மட்டும் என்பதல்ல. சம்பளம் தரப்பட்ட அல்லது தரவேண்டிய நாள். சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேரும். அனுமதிக்கப்பட்ட விடுப்பு, லே-ஆஃப், கதவடைப்பு, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம் ஆகிய காலங்களுக்கு ஏதேனும் பணம் தரப்பட்டால் அதையும் ஊதியமாகவே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை கொண்டது. ஆகவே ஆர்டர் இல்லாமல் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாட்களும் கணக்கில் வரவேண்டும். ஒன்றுமே தராமல் 'கூப்பிடும்போது வா' என்று அனுப்பிய நாட்கள் வரா.

முதல் வாசல்: மூடலும் ஆட்குறைப்பும்

2005ஆம் ஆண்டுத் திட்டம் வேலை எப்படிப் போனது என்பதை முதலில் பார்க்கிறது. மூன்று காரணங்களே செல்லும்: ஆலை அல்லது நிறுவனம் மூடப்படுதல், தொழில் தகராறுகள் சட்டப்படியான ஆட்குறைப்பு, பணிக்காயம் அல்லாத காரணத்தால் ஏற்பட்ட, 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர உடற்குறை. அதன்பின் பணிக்காலம். தொடக்கத்தில் ஐந்தாண்டுக் காப்பீடு கேட்கப்பட்டது. விண்ணப்பங்கள் சொற்பமாகவே வந்த நிலையில் அது பின்னர் குறைக்கப்பட்டது. உதவிக்காலமும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகவும், பின்னர் ஈராண்டாகவும் நீண்டது. முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதி. அடுத்த 12 மாதம் கால்பங்கு. அக்காலத்தில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். கழகத்தின் செலவில் தொழிற்பயிற்சியும் பெறலாம். உதவியை ஒரே தவணையில் பெறாமல், ஒரு மாதத்துக்குக் குறையாத பகுதிகளாகப் பிரித்தும் பெறலாம்.

15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இது மாதம் 7,500, பின்பு 3,750 என்று, ஈராண்டில் மொத்தம் 1,35,000 ரூபாய் ஆகும். தாராளமான தொகை. ஆனால் வாசல் குறுகலானது. மேற்குப் புறநகரின் சிறுபட்டறைகளில் யாரையும் ஆட்குறைப்பு நோட்டீஸ் கொடுத்து அனுப்புவதில்லை. 'நாளையிலிருந்து வேண்டாம்' என்ற ஒரு வாய்ச்சொல்லில் வேலை போகிறது. சில இடங்களில் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு போகிறது. எழுத்தில் ராஜினாமா என்றால் அது தானாக விலகியது. தானாக விலகியவருக்கு உதவி இல்லை.

விருப்ப ஓய்வும் அப்படியே. 2014 நவம்பர் 1 அன்று நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதற்குச் சில மாதம் முன்பே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வி.ஆர்.எஸ். தொகை பெற்று வெளியேறியிருந்தார்கள். ஆலை மூடப்போகிறது என்று தெரிந்து வாங்கியதே ஆனாலும் வி.ஆர்.எஸ். என்பது சட்டத்தின் கண்ணில் தன்விருப்ப விலகல். இ.எஸ்.ஐ. திட்டங்கள் இரண்டிலும் அது தகுதியை நீக்கும் காரணம்.

இரண்டாம் வாசல்: 2018க்குப் பின்

அடல் பீமித் திட்டம் இந்தக் காரணப் பட்டியலைத் தளர்த்தி, பணிக்கால நிபந்தனையை முன்னுக்குக் கொண்டுவந்தது. மூடல், ஆட்குறைப்பு என்று சான்று காட்டவேண்டியதில்லை. வேலையில் இல்லை என்பது போதும். பதிலுக்கு, குறைந்தது ஈராண்டு காப்பீட்டுப் பணியும், முந்தைய நான்கு சந்தாக் காலங்கள் ஒவ்வொன்றிலும் 78 நாளும் கேட்டது. வேலை போய் மூன்று மாதம் கழித்துத்தான் உதவி கிடைக்கும். தினச் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. விண்ணப்பம் கடைசி முதலாளியின் வழியாக வரவேண்டும்.

நீக்கிய முதலாளியிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும் என்பதாலும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதாலும் திட்டம் தாள் அளவிலேயே இருந்தது. கொரோனா ஊரடங்கு நிலைமையை மாற்றியது. 2020 மார்ச் 24 முதல் விதிகள் தளர்ந்தன. உதவி 50 விழுக்காடானது. காத்திருப்பு 30 நாளாகக் குறைந்தது. முதலாளியைத் தவிர்த்து, நேரே இணையம் வழியாகவும் கிளை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றானது. முத்திரைத்தாள் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் போனது. பணிக்கால நிபந்தனை இப்படி மாறியது: ஈராண்டுக் காப்பீட்டுப் பணி அப்படியே இருக்கும், வேலை போவதற்கு உடனடி முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டாயம், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் போதும். முதலில் 2020 டிசம்பர் வரை என்று அறிவிக்கப்பட்ட இத்தளர்வுகள் அதன்பின் பலமுறை நீட்டிக்கப்பட்டன.

கணக்குப் போட்டால்

அம்பத்தூரில் ஒரு சி.என்.சி. ஆபரேட்டர். 2022 அக்டோபர் 1 அன்று சேர்ந்தவர். மாதம் 15,000 ரூபாய். 2024 நவம்பர் 20 அன்று வேலை போகிறது. அவருக்குப் பார்க்கப்படும் நான்கு சந்தாக் காலங்கள்: 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச், 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர், 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச், 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர். வேலை போன நவம்பர் மாதம் முடிவுறாத காலத்தில் விழுவதால் அது சேராது. நான்கிலும் நாள் குறையவில்லை, தகுதி உண்டு.

தினச் சராசரிக்கு நான்கு காலங்களின் மொத்த ஊதியத்தை 730ஆல் வகுக்க வேண்டும். 3,60,000ஐ 730ஆல் வகுத்தால் 493 ரூபாய் 15 காசு. அதில் பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்கு ஏறத்தாழ 22,192 ரூபாய். 2018இன் மூல விதிப்படியான கால்பங்கு என்றால் 11,096 ரூபாய்.

அதே தினக்கூலியில் வேலை செய்யும் இன்னொருவர். ஈராண்டாகக் காப்பீட்டுப் பதிவில் இருக்கிறார். ஆனால் கடைசிக் காலத்தில் 78 நாளும் முந்தைய ஒன்றில் 78 நாளும்தான் சந்தா ஏறியிருக்கிறது. தகுதி இவருக்கும் உண்டு. ஊதியம் மொத்தம் சுமார் 90,000 ரூபாய்தான். வகுக்கும் எண்ணோ அதே 730. தினச் சராசரி 123 ரூபாய் 29 காசாகிறது. 90 நாள் உதவி 5,548 ரூபாய். 15,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு இது பன்னிரண்டு நாள் வருமானம்கூட இல்லை. பதிவில் விழுந்த ஓட்டை தகுதியில் ஒரு முறையும் தொகையில் ஒரு முறையும் அடிக்கிறது.

மூன்றாவது ஆள் காண்ட்ராக்ட் ஹெல்ப்பர். முதல் மூன்று காலங்களில் தலா 140 நாள். கடைசிக் காலத்தின் நடுவே காண்ட்ராக்டர் மாறினார். புதியவர் இரண்டு மாதம் கழித்தே பெயரைப் பதிந்தார். ஏறியது 60 நாள். மொத்தம் 480 நாள் சந்தா இருந்தும் தகுதி இல்லை. 156 நாள் உள்ள இரண்டாவது ஆளுக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்காது. அண்மைக் காலத்தின் நாட்களுக்கு விதி தரும் எடை அவ்வளவு. ஆலை மூடலுக்கு முன்னால் சம்பளமில்லாமல் இழுபடும் மாதங்கள் ஆபத்தானவை என்பதற்கும் இதுவே காரணம்: அவை கடைசிச் சந்தாக் காலத்தைக் காலியாக்கிவிடும்.

வரம்புக்கு வெளியே நிற்போர்

ஒரே தெருவில் குடியிருக்கும் நான்கு பேர் நான்கு விதிகளின் கீழ் வருவது இந்தப் பகுதியில் சாதாரணம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் நிரந்தர ஊழியர்கள் மத்திய அரசுப் பணி விதிகளில் இருந்தவர்கள். 2021 அக்டோபரில் ஆலை ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்த பிறகும் இ.எஸ்.ஐ. அவர்களுக்கு உரியதல்ல. தொழிற்பேட்டைக்குள் எழுந்த ஐ.டி. வளாகங்களில் 21,000க்கு மேல் வாங்குவோருக்கும் இ.எஸ்.ஐ. இல்லை, ஆகவே வேலையிழப்பு உதவியும் இல்லை. சம்பள உயர்வால் வரம்பைத் தாண்டுபவர் அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை காப்பில் இருப்பார், பிறகு வெளியே. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. ஓவர்டைம் பணம் வரம்புக் கணக்கில் சேராது, சந்தாவுக்கு மட்டும் சேரும்.

அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சி பெறும் ஐ.டி.ஐ. இளைஞர்களின் பயிற்சிக் காலமும் கணக்கில் வராது. ஓராண்டு முழுக்க மெஷினில் நின்றிருந்தாலும் அவர் 'தொழிலாளி' அல்லர். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் பட்டறைகளும் பொதுவாகக் காப்புக்கு வெளியே உள்ளவை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர், சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் இருப்பவர், பொய்த் தகவல் தந்து தண்டனை பெற்றவர் ஆகியோருக்கும் உதவி இல்லை. இரண்டு முதலாளிகளிடம் வேலை பார்ப்பவர் இரண்டு வேலையையும் இழந்தால்தான் வேலையற்றவர். உதவி பெறும்போதே வேறு வேலை கிடைத்தால் அன்றோடு உதவி நிற்கும்.

240, 480

இ.எஸ்.ஐ.க்கு வெளியிலும் பணிக்கால எண்கள் உண்டு. தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஓராண்டுத் தொடர்பணி வேண்டும். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டாகக் கொள்ளப்படும். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஞாயிறும் சம்பள விடுமுறை நாட்களும் 240இல் சேரும் என்று 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 240 நாளை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளிக்கே என்றும், அவர் தரும் பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றும் 2002இல் ஹதிமானி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. வருகைப் பதிவேடு முதலாளியின் அலமாரியில் இருக்க, மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளில் விழுந்தது.

தமிழ்நாட்டுக்கே உரிய எண் 480. தொழில் நிறுவனத் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. இந்த எண்ணை எட்டாதிருக்கவே பல இடங்களில் இடையில் 'பிரேக்' கொடுத்து மீண்டும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நிலவுகிறது. நிரந்தரத்தைத் தள்ளிப்போடும் அந்த இடைவெளி இ.எஸ்.ஐ. சந்தாவிலும் இடைவெளியாகப் பதிகிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ளும், தொழில் தகராறுகள் சட்டம் தொழில் உறவுகள் தொகுப்புக்குள்ளும் அடங்கின. 240 நாள் அளவுகோல் தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்குச் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும் என்பது புதிது. குறித்த காலப் பணியாளருக்குப் பணிக்கொடை பெற ஐந்தாண்டு வேண்டியதில்லை, ஓராண்டே போதும் என்பதும் பணிக்கால நிபந்தனையில் வந்த மாற்றம்.

வேலை பார்க்காதவரின் காத்திருப்பு

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையைக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்வது வழக்கம். அதற்குப் பணிக்காலம் தேவையில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என மூன்றாண்டு கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். ஒன்று சந்தாவின் மீது எழும் உரிமை. மற்றது வறுமையைப் பார்த்துத் தரும் உதவி. ஆலையில் வேலை இழந்தவர் முந்தையதற்கு நாள் போதாமலும், பிந்தையதற்குப் பதிவுக்காலம் போதாமலும் இடையில் நிற்பதுண்டு.

பிற நாட்டு அளவுகள்

தமிழர்கள் பெருமளவில் தொழிலாளராக உள்ள மலேசியாவில் வேலைக் காப்பீட்டு முறை 2018 ஜனவரியில், அதாவது அடல் பீமித் திட்டத்துக்கு ஆறு மாதம் முன்பாக, தொடங்கியது. அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்க்கேசோ நடத்தும் அத்திட்டத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 24 மாதத்தில் 12 மாதச் சந்தா போதும். முதல் மாதம் ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு படிப்படியாக 30 வரை இறங்கும். சந்தா கட்டிய மாதங்கள் கூடக்கூட உதவி மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை நீளும். ஜெர்மனியில் 30 மாதத்தில் 12 மாதச் சந்தா வேண்டும். 12 மாதம் கட்டியவருக்கு ஆறு மாத உதவி, 24 மாதம் கட்டியவருக்கு ஓராண்டு. கனடா நாளை விட்டு மணியை எண்ணுகிறது: வட்டாரத்தில் வேலையின்மை எவ்வளவு என்பதைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம். வேலை கிடைப்பது அரிதான இடத்தில் நிபந்தனையும் இளகும். இலங்கையில் வேலையின்மைக் காப்பீடு இல்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், இந்தியா கேட்கும் 78 நாள் பெரிய எண்ணல்ல. கடினம் வேறிடத்தில் இருக்கிறது: ஈராண்டுப் பதிவு அறுபடாமல் இருக்க வேண்டும், கடைசி ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், கட்டிய காலம் நீண்டாலும் உதவி 90 நாளைத் தாண்டாது. இருபதாண்டு சந்தா கட்டியவரும் ஈராண்டு கட்டியவரும் இரண்டாம் வாசலில் ஒரே வரிசை.

பதிவே பணிக்காலம்

மேற்சொன்ன எண்கள் எல்லாம் உழைத்த நாளை அளப்பதாகத் தோன்றினாலும் அளப்பது பதிவான நாளையே. காப்பீட்டு எண் பத்து இலக்கம் கொண்டது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றே. வேலை மாறும்போது பழைய எண்ணைப் புதிய முதலாளியிடமோ காண்ட்ராக்டரிடமோ தரவேண்டும். தராவிட்டால் புது எண் போடப்பட்டு, பணிக்காலம் இரண்டு எண்களாகப் பிரியும். இரண்டில் எதுவும் ஈராண்டை எட்டாமல் போகலாம். இரண்டு எண் இருந்தால் கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்து இணைக்க வேண்டும்.

சம்பளத்தில் பிடித்த சந்தா கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, எத்தனை நாளுக்குச் சேர்ந்தது என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளர் பக்கத்தில் பார்க்கலாம். சந்தா கட்டவேண்டிய பொறுப்பு காண்ட்ராக்டரோடு நிற்பதில்லை. அவர் கட்டத் தவறினால் முதன்மை முதலாளியான ஆலைதான் கட்ட வேண்டும் என்பது சட்டம். நாள் குறைவாகக் காட்டப்பட்டிருந்தால், வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகத்திலோ நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள மண்டல அலுவலகத்திலோ புகார் தரலாம். ஏப்ரல் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் முடிந்த காலத்தின் நாட்களைச் சரிபார்ப்பது போதுமானது, ஆண்டுக்கு இருமுறைதான்.

வேலை போனபின் விண்ணப்பத்தோடு ஆதார், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தந்தால், கிளை அலுவலகம் பதிவைச் சரிபார்த்து, பணத்தை நேரே வங்கிக் கணக்கில் போடும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாதிருப்பதும், நீக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குவதும் முதல் வாசலைத் திறந்து வைக்கும். அது கிடைக்காதவருக்கு இரண்டாம் வாசலின் 78 நாள் கணக்கே மிஞ்சும்.

(தொடரும்)